நடுவில் கோடு போட்ட மாத்திரை

அந்த ஆராய்ச்சி மருத்துவமனையின் காத்திருக்கும் அறையில் ஒரு தண்ணீர்க் குழாயும், பக்கத்தில் காகித டம்ளர் அடுக்கும் உண்டு. தையல்காரம்மா முதன்முதலாக அங்கே வந்த அன்று, தாகம் தாங்காமல் ஒரு டம்ளர் பிடித்துக்கொண்டு திரும்பினார். கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. தண்ணீர் தரையெல்லாம் சிந்தியது. உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

எதிர் நாற்காலியில் ஒருவர் தன் டம்ளரை அப்படியே மடியில் கவிழ்த்துக்கொண்டார்.

"அட கஷ்டகாலமே! இப்படியே வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி என்ன நினைப்பா? ஒரு துணி கொடுங்கப்பா!"

அறையே சிரித்தது. நர்ஸ் துணியோடு அவரிடம் ஓடினாள். தரையில் கிடந்த தண்ணீரை யார் சிந்தியது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த மனிதருக்கு நடுங்குவது வலது கை. அன்று டம்ளரைப் பிடித்திருந்தது இடது கை. இது தையல்காரம்மாவுக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது. அந்த மனிதர் அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அவரை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்பார்கள். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுக்கும் கடை. வைரமுனை வைத்த கத்தியால் ஒரே ஒரு கோடு இழுப்பார். பிறகு விளிம்பில் மெல்ல ஒரு அழுத்து. கோட்டோடு இரண்டாகக் கையில் வந்துவிடும். கோடு வளைந்தால் போச்சு, கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். ஒருநாள் வளைந்தது. வெளிச்சம் போதவில்லை என்றார். மறுபடி வளைந்தது. கத்தி மழுங்கிவிட்டது என்றார். புதுக் கத்தி வாங்கிய பிறகும் வளைந்தபோது, கடையை மகனிடம் விட்டுவிட்டு மருத்துவமனைக்கு வந்தார். டாக்டரம்மா நோய்க்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார். மூளைக்குள் ஏதோ ஒரு சரக்கு சுரப்பது குறைந்துகொண்டே போகிறதாம். "நம்ம வாய்க்கு நடுக்கம்னு சொன்னா போதும்" என்று கண்ணாடிக்காரர் அதைச் சுருக்கிக்கொண்டார்.

தையல்காரம்மாவுக்கும் அதே நோய்தான். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்தே குடும்பத்தைக் கரை சேர்த்தவர். இப்போது ஊசியில் நூல் கோக்க மருமகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவள் முகம் சுளிக்காமல்தான் வருவாள். ஆனாலும் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் இவருக்கு மனசு சுருங்கும்.

ஆராய்ச்சியின் ஏற்பாட்டை டாக்டரம்மா பொறுமையாகச் சொல்லியிருந்தார். பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். யாருக்கு எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. முடிவில்தான் அந்தப் பட்டியல் உள்ள உறையைப் பிரிப்பார்கள். ஒவ்வொரு தடவை வரும்போதும் விரலைத் தட்டிக் காட்ட வேண்டும், நடைவழியில் நடந்து காட்ட வேண்டும், தாளில் நத்தை ஓடு போலச் சுருள் வரைய வேண்டும்.

கண்ணாடிக்காரரின் சுருள் தடவைக்குத் தடவை நேர்த்தியாகிக்கொண்டே வந்தது. தையல்காரம்மாவுடையது கோழி கிளறிய மாதிரியே இருந்தது.

"எனக்கு மருந்து வந்திருக்கு, உனக்கு மாவு வந்திருக்கு. அவ்வளவுதான் தங்கச்சி" என்றார் அவர், வெளியே பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில்.

"என் தலையில என்ன எழுதியிருக்கோ அது நடக்கட்டும் அண்ணே."

"தலையில எழுதினது இருக்கட்டும். மாத்திரையில என்ன போட்டிருக்கு பாரு." ஒரு மாத்திரையை எடுத்துக் காட்டினார். நடுவில் மெல்லிய கோடு ஓடியது. "எதுக்குக் கோடு போடுவாங்க? பிரிக்கத்தானே? பிரிக்க வேண்டாம்னா எவனாவது கோடு போடுவானா?"

ஆயுள் முழுக்கக் கோடு போட்டுப் பிரித்த மனிதருக்கு வேறு எப்படித் தோன்றும்? தையல்காரம்மாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்தப் பெஞ்சிலேயே இருவர் மாத்திரைகளையும் இரண்டிரண்டாக்கினார்கள். ஆளுக்கு அதில் பாதி, இதில் பாதி.

அடுத்த தடவை வருவதற்குள் தையல்காரம்மா தானே நூல் கோத்துவிட்டார். மருமகளைக் கூப்பிட வாயைத் திறந்தவர், கூப்பிடாமலே மூடிக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று. அவர் மாத்திரையைக் கையில் வைத்துக் கண்ணை மூடி, ஆண்டவனிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் விழுங்குவார். பாதி மாத்திரைகளை விழுங்கத் தொடங்கியதிலிருந்து அந்த வார்த்தை தொண்டையிலேயே நின்றது. அப்படியிருக்க, டாக்டரம்மா அவருடைய புதுச் சுருளைப் பார்த்து மலர்ந்துபோனார்.

"இந்த மருந்து நல்லதா இல்லையான்னு உங்க கைதாம்மா எங்களுக்குச் சொல்லணும். நாளைக்கு எத்தனையோ பேர் உங்க கையை நம்பித்தான் இதை விழுங்கப் போறாங்க."

தையல்காரம்மா எழுந்தார். நேரே வந்து கண்ணாடிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, சொல்லிடலாம்."

"சொன்னா நம்ம ரெண்டு பேரையும் வெளியே அனுப்பிடுவாங்க. உன் ஊசி என்ன ஆகும்?"

"ஊசி கோக்கலைன்னா மருமக கோத்துத் தரட்டும். சாமி முன்னாடி பேச முடியலண்ணே."

கண்ணாடிக்காரர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, தையல்காரம்மாவுக்கு முன்னால் டாக்டரம்மாவின் அறைக்கு நடந்தார்.

விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

"யாரோட யோசனை இது?"

"என்னோடது" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"நீங்க நடுவுல கோடு போட்டிருந்தீங்களேம்மா..." என்று இழுத்தார் கண்ணாடிக்காரர்.

டாக்டரம்மா சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தார். முடியவில்லை. ஆனால் சிரிப்பு அடங்கியதும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். இருவர் கணக்கையும் இனி நம்ப முடியாது. இருவரும் ஆராய்ச்சியை விட்டு விலக வேண்டும். வழக்கமான மருந்து மட்டும் தொடரும். தையல்காரம்மா தலையை ஆட்டினார். வீட்டுக்குப் போய், வழக்கமான மாத்திரையைக் கையில் வைத்துக் கண்ணை மூடினார். வார்த்தை தடையில்லாமல் வந்தது. கொஞ்ச நாளில் நூல் கோக்க மறுபடி மருமகளைக் கூப்பிட்டார்.

ஆராய்ச்சி முடிந்து உறை பிரிந்த பிறகு டாக்டரம்மா இருவரையும் வரச் சொன்னார். மருந்து வந்தது தையல்காரம்மாவுக்கு. கண்ணாடிக்காரருக்கு வந்தது மாவு.

அவர் இருமல் வரும்வரை சிரித்தார். "அப்போ நான் மாவைக் கொடுத்துட்டு உன் மருந்தைப் பிடுங்கித் தின்னிருக்கேன்! நல்ல அண்ணன்!"

"உங்க மாவுலதாண்ணே எனக்கு நூல் கோக்க வந்துச்சு."

மருந்து கைக்கு வந்துவிட்டது என்று மனசு நம்பினாலே இந்த நோயில் மூளை கொஞ்சம் தானே சுரந்து பார்க்கும் என்றார் டாக்டரம்மா. அது எப்படி நடக்கிறது என்று முழுசாகத் தெரியவில்லை. நோயாளிகள் இறந்த பிறகு மூளையைக் கொடுத்தால் ஆராய்ந்து பார்க்கலாம். ஆனால் யாரும் முன்வருவதில்லை. மேசையில் இருந்த களிமண் நிற மூளை பொம்மையைக் கண்ணாடிக்காரர் எடுத்துத் திருப்பினார்.

"அட, இதுலயும் நடுவுல கோடு போட்டிருக்கே!"

அன்றே, தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டார். அவர் மனைவிதான் ஒத்துக்கொள்ளவில்லை. தையல்காரம்மா அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

"உன் அண்ணனைக் கேளு. மூளையில்லாமப் போனா, போற இடத்துல என்னை எப்படி அடையாளம் தெரியும்?"

"நாப்பது வருஷமா மூளையில்லன்னுதானே திட்டினே? அப்படியும் உன்னைத் தெரிஞ்சுதானே வச்சிருக்கேன்?" என்றார் அவர் கட்டிலில் இருந்தபடி.

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தையல்காரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "படைச்சவனுக்கு யாரு யாருன்னு தெரியும் அண்ணி. அவன் சேர்த்து வைப்பான்" என்றார். அண்ணி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு, "எங்கே போடணும்?" என்று கேட்டுத் தானும் கையெழுத்துப் போட்டார்.

கண்ணாடிக்காரரின் முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் தையல்காரம்மா கடைசியாகப் போய்ப் பார்த்தார். குரல் ஏறக்குறைய போய்விட்டிருந்தது. வாயருகே காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டு, வருகிறேன் அண்ணே என்று எழுந்தபோது, நடுங்கும் வலது கையால் அவர் முந்தானையைப் பிடித்து நிறுத்தினார்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லிடு தங்கச்சி. இதை முழுசாத் தரேன்னு. நடுவுல கோடு இருந்தாலும், இந்தத் தடவை பாதி பண்ண மாட்டேன்னு."