பூசணிக்காயும் பக்கத்தில் ஒரு தொப்பியும்

அம்மாவின் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறது. கறுப்பு வெள்ளையில் அச்சான படம். மை தீரும் நிலையிலிருந்த பிரிண்டரில் எடுத்ததால் நடுவே இரண்டு வெள்ளைக் கோடுகள். ஒரு பெரிய பூசணிக்காய். அதன் பக்கத்தில், பருமன் எவ்வளவு என்று தெரிவதற்காக வைத்த ஒரு தொப்பி. சேலை எடுக்க அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம், இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு வயிறு எரிகிறது. சுற்றி வளைத்துச் சொல்வானேன், பொறாமைதான்.

படத்தைக் கொண்டுவந்தவள் என் மச்சாள், மாமாவின் மகள். என்னைவிட இளையவள். கல்லடியில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவு. யுத்தம் இடையில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், பாலத்துக்கு அப்பால் பட்டினத்தில் ஒரு கொமியூனிகேஷனில், டெலிபோன் பேசும் கடையில், அவளுக்கு வேலை கிடைத்தது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளோடு பேச வரும் தாய்மாரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருத்தி, எண்ணை அழுத்திக் கொடுக்க வேண்டும். அந்தக் கடையின் மூலையில் இன்டர்நெட் போட்ட ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. டெலிபோன் லைன் கிறீச்சிட்டு, கரகரத்து, மனம் வந்தால் பிடிக்கும். ஆட்கள் வராத மத்தியானங்களில் மச்சாள் அதன் முன்னால் குந்திக்கொள்வாள். அவள் தேடியது வேலையையோ மாப்பிள்ளையையோ அல்ல. உலகத்தில் யார் யார் என்னென்ன கோணங்கித்தனம் செய்கிறார்கள் என்று பார்ப்பதில்தான் அவளுக்கு ஆசை. பார்த்ததைப் பொழுதுபட முன் எங்கள் குசினி வாசலில் கொண்டுவந்து கொட்டுவாள்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன். சரி என்றால் சரி, பிழை என்றால் பிழை. வீட்டிலும் எனக்கு வேறு பேச்சு வராது. அதற்குச் சில வருடங்கள் முன் என் தம்பி ரியூசனுக்கென்று சைக்கிளில் போனான். அவனும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. அம்மாவும் நானும் ஏறி இறங்காத வாசலில்லை. ஒரு கட்டத்தில் ஏறுவதை விட்டோம்; அம்மா பேசுவதையும் விட்டுவிட்டார். கேட்டால் ஓம், இல்லை. அவ்வளவுதான். எப்போதாவது மட்டும், "அவன் வருவானா புள்ள?" என்பார். "தெரியாதம்மா" என்பேன். தெரியாததை வேறு எப்படிச் சொல்வது? நல்ல மீனாகப் பார்த்து வாங்கி ஆக்கிக் கொடுத்தேன். தலை வாரிவிட்டேன். மாமாங்கக் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் தீர்த்தத்தில் முழுக வைத்தேன். பிள்ளைகள் வகுப்பில் விடும் பகிடிகளைச் சேர்த்து வைத்து வந்து சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நீ சாப்பிட்டியா?" என்பார். அதோடு பகிடி செத்துப் போகும்.

மச்சாள் வந்தாள். குளிர்நாடு ஒன்றில் ஒருத்தி, தெருவில் விழுந்து கிடக்கும் ஒற்றைக் கையுறைகளைப் படம் பிடித்து இன்டர்நெட்டில் போடுகிறாளாம். எங்கே கண்டெடுத்தது, எந்த நேரம், எந்தக் கை என்றெல்லாம் எழுதிவைக்கிறாளாம். நான் முகத்தைச் சுளித்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா சுளகைத் தாழ்த்தி வைத்தார்.

"ஆரும் தேடி வந்தாங்களாமா?"

"ஓம் மாமி, ரெண்டு பேர் வந்து எடுத்துக்கிட்டுப் போனாங்களாம்."

"ம்" என்று அம்மா மறுபடி சுளகை எடுத்தார். தம்பியையும் சாப்பாட்டையும் விட்டு வேறொன்றை அம்மா தானாகக் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வந்ததா என்று கேட்டால், இந்தக் கேள்வி எனக்கல்லவா வந்திருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது.

பிறகுதான் பூசணிக்காய். எங்கேயோ ஒரு கிழவர் தன் தோட்டத்தில் ஒரே ஒரு பூசணிக்காயை வைத்துக்கொண்டு, தினமும் அதற்குப் பக்கத்தில் தன் தொப்பியை வைத்துப் படம் எடுத்துப் போடுகிறார். வேறொன்றும் இல்லை. இன்று இவ்வளவு, நாளை இவ்வளவு. மச்சாள் படத்தை அச்செடுத்து மடித்துக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் விரித்தாள். அம்மா அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இந்த மனிசனுக்கு வேற வேல இல்லயா?" என்றார். பிறகு சிரித்தார். பல் தெரிய, தோள் குலுங்க, இருமல் வரும் வரைக்கும் சிரித்தார்.

நான் தண்ணீர் எடுத்து வரப் போனேன். குசினிக்குள் நின்று அழுதேன். அம்மா சிரித்ததற்கு அழுதேன் என்றுதான் மச்சாளிடம் சொன்னேன். பாதி உண்மை. மற்றப் பாதி, குளிப்பாட்டியவள் நான், ஊட்டியவள் நான், ஒரு கடதாசியோடு வந்து சிரிப்பை அள்ளிக்கொண்டு போனவள் இவள் என்பது.

அன்றிலிருந்து அம்மாவுக்கு மாலை என்ற ஒன்று உண்டாகிவிட்டது. வாசல் கூட்டி, முகம் கழுவி, மச்சாளின் செருப்புச் சத்தத்துக்குக் காத்திருப்பார். "இண்டைக்கு எப்படிப் புள்ள பூசணிக்காய்?" என்பதுதான் முதல் கேள்வி. அவளும் சளைக்காமல் சொல்வாள். பூசணிக்காய்க்கு வெயில் படாமல் கிழவர் பந்தல் போட்டுவிட்டார். தொப்பி காற்றில் பறந்துபோய் அடுத்த வீட்டு நாய் கவ்விவிட்டது. கிழவர் கூடாரம் அடித்துப் பூசணிக்காய்க்குப் பக்கத்திலேயே படுக்கிறார். மனைவி கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். "போகாம என்ன செய்வாள், பாவம்" என்று அம்மா அந்தப் பெண்ணுக்காக வழக்காடுவார். அந்த வீட்டில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதே இரண்டு பேருக்கும் மறந்துபோகும்.

ஒருமுறை மச்சாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். இரண்டு மாலைகள் வெறுமையாகப் போயின. அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை நான் பட்டினத்துக்குப் போகும் வேலை இருந்தது. இன்றைக்குப் பூசணிக்காயின் செய்தியை நானே கொண்டுபோகிறேன் என்று தீர்மானித்தேன். பாலத்துச் சோதனைச்சாவடியில் வரிசையில் நிற்கும்போது, அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டேன். கடைக்காரரிடம் சொன்னதும், "அந்தப் பூசணிக்காய்தானே ரீச்சர்" என்று அவரே அதைத் திறந்துவிட்டு, கூண்டுக்குள் ஓர் அம்மாவுக்கு லைன் எடுத்துக் கொடுக்கப் போனார்.

அந்தக் காலத்தில் படம் முழுதாக வராது. மேலிருந்து கோடு கோடாக இறங்கும். முதலில் வானம் வந்தது. பிறகு வேலி. பிறகு தொப்பி. தொப்பி ஏன் இவ்வளவு மேலே இருக்கிறது என்று யோசித்தேன். அது பக்கத்தில் அல்ல, உச்சியில் இருந்தது. கீழே பூசணிக்காய் இரண்டாகப் பிளந்து, விதை வெளியே தள்ளிக் கிடந்தது. மழை விடாமல் பெய்தது, வெடித்துவிட்டது, இந்த வருடத்துக்கு இவ்வளவுதான் என்று கிழவர் எழுதியிருந்தார். திகதியைப் பார்த்தேன். வெடித்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. பந்தல், நாய், கூடாரம், தாய் வீட்டுக்குப் போன மனைவி எல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் மச்சாள் வெடித்த பூசணிக்காயையே மறைத்திருந்தாள்.

எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொல்லி முடியாது. பஸ் ஏறக்கூடப் பொறுமையில்லாமல், வாவிக் காற்று முகத்தில் அடிக்க, பாலத்தை நடந்தே கடந்தேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்ற முன்னமே சொன்னேன்.

"அம்மா, அந்தப் பூசணிக்காய் வெடிச்சுப் போச்சு. போன மாசமே. அவள் சொன்னதெல்லாம் பொய்."

அம்மாவின் கை நின்றது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உன்னட்ட ஆரு கேட்டது?" என்றார்.

அவ்வளவுதான். மறுபடி துருவத் தொடங்கினார். நான் உண்மை சொன்னவள். இன்றைக்கும் சொல்கிறேன், நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தப் பார்வைக்கு முன் என் உண்மை ஒரு காசுக்கும் உதவவில்லை. காய்ச்சல் விட்டு மச்சாள் வந்த மாலையில், அம்மா எப்போதும்போல முகம் கழுவி உட்கார்ந்திருந்தார்.

"இண்டைக்கு எப்படிப் புள்ள?"

"இன்னும் கொஞ்சம் பெருத்திரிக்கு மாமி."

அம்மா ஒருமுறை என் பக்கம் திரும்பினார். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார். தோள் குலுங்கவில்லை, ஆனாலும் சிரிப்புத்தான். பூசணிக்காயைப் பற்றிக் கேட்கத் தொடங்கிய பிறகு, தம்பி வருவானா என்று அம்மா என்னிடம் கேட்கவேயில்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது.

மச்சாள் கல்யாணம் முடித்துச் சுவிஸுக்குப் போனாள். யுத்தமும் முடிந்தது. நான் பென்சன் எடுத்துவிட்டேன். இப்போது என் கைப்போனிலேயே உலகத்துக் கோணங்கித்தனம் எல்லாம் வந்து குவிகிறது. பாட்டுப் பாடும் நாய், சைக்கிள் ஓடும் கரடி என்று அம்மாவுக்குக் காட்டுகிறேன். பார்த்துவிட்டு, "நீ சாப்பிட்டியா?" என்கிறார். ஞாயிறு தோறும் மச்சாள் போன் எடுப்பாள். அம்மாவின் கை நடுங்குவதால் போனை நான்தான் பிடித்திருக்க வேண்டும். பூசணிக்காயை இப்போது வளவுக்கு வெளியே எடுக்க முடியாதாம், மதிலை இடிக்கப் போகிறார்களாம். அம்மா சிரிப்பார். எனக்குக் கை வலிக்கும்.

போன ஞாயிறு அவளுக்கு வேலை, போன் வரவில்லை. அம்மா கட்டிலில் சாய்ந்து, திறந்திருந்த அலுமாரிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லன், எப்படியாம் அது?"

அந்தக் கேள்வி என்னிடம் வந்தது முதல் தடவை.

"இரிக்காம் அம்மா."

"வெடிக்கல்லயே?"

"இல்ல."

"தொப்பி?"

"பக்கத்திலதான் இரிக்கு."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். என் கையைத் தேடிப் பிடித்து, மெல்லத் தட்டினார்.

"உனக்குச் சொல்லத் தெரியா மகள்" என்றார். "அவள் எடுக்கட்டும், கேப்பம்."

எழுந்துபோய் அலுமாரிக் கதவைச் சாத்தினேன். வயிறு எரியத்தான் செய்தது. அவள் எடுக்கும் நேரம் போன் செத்துக் கிடக்கக் கூடாதென்று, அதைச் சார்ஜில் போட்டேன்.