ஊசி தேடப் போன சென்சார்

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் ஜெனரேட்டருக்கு நான்தான் மெக்கானிக். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்; கழற்றிப் பார்த்துப் படித்ததுதான் அதிகம். ஸ்பேனர் அளவு மறந்துபோகும், ஆட்கள் சொன்ன வார்த்தை மறக்காது. அந்தக் கம்பெனி முதலாளி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "கையில புடிச்சு இழுக்க ஒரு குச்சிகூட இல்லாத எஞ்சினை எப்படீங்க நம்பறது?"

அவருடைய பழைய ஜெனரேட்டரில் டீசல் பம்புக்கு வெளியே ஒரு லீவர் இருந்தது. எஞ்சின் ஏறி இறங்கி மூச்சு வாங்கினால், ஜட்டிக்குப் போடும் எலாஸ்டிக் ஒரு முழம் எடுத்து லீவரை இழுத்துக் கட்டிவிடுவோம். எங்கள் ஊரில் எலாஸ்டிக்குக்கு என்ன பஞ்சம்? நான் சொல்லி அவர் வாங்கிய புது ஜெனரேட்டரிலும் அதே மாதிரி பம்புதான், ஆனால் எஞ்சின் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் கவர்னர் எலக்ட்ரானிக். பம்புக்குள் ரேக் என்று ஒரு கம்பி. அது நகர்கிற அளவுக்கு டீசல் போகும். அதை நகர்த்துவது லீவர் இல்லை, சுவரில் மாட்டிய ஒரு பெட்டி. எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தின் பற்கள் ஓடுவதை ஒரு சென்சார் எண்ணிச் சொல்லும். பெட்டி அதைக் கேட்டு ரேக்கைத் தள்ளும்.

"ஒருநாள் இது மக்கர் பண்ணுச்சுன்னா பழைய ஜெனரேட்டரையே கொண்டாந்து எறக்கிருவனுங்க. எறக்கறதுக்கும் வேற மெக்கானிக்குதானுங்க வருவாரு" என்று முதலாளி மரியாதை குறையாமல் சொல்லியிருந்தார்.

மாட்டிய அன்று நான் சும்மா இருந்திருக்கலாம். சுற்றி நின்றவர்களிடம் சென்சாரைத் தூக்கிக் காட்டினேன். பார்க்க ஒரு போல்ட், வாலில் இரண்டு ஒயர், முனையில் காந்தம். பக்கத்தில் நின்ற ஊசிப் பொறுப்பு அம்மாவிடம் ஒரு ஊசி வாங்கி நீட்டினேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"நல்லாப் புடிக்குதேண்ணே!" என்றார் அவர். அந்த வார்த்தையை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும்.

அந்த அம்மா தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஏற்றுமதிக் கம்பெனியில் ஒரு ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்தாக வேண்டும். சேர்த்து நோட்டில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும், அது துணிக்குள் இருக்கலாம் என்று சரக்கு வெளியே போகாது. அந்த நோட்டு அவர் கையில். முதலாளியே கேட்டாலும் உடைந்ததைக் காட்டாமல் ஊசி தரமாட்டார்.

மின்வாரியம் மாதப் பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்டை நிறுத்தும் ஒரு நாள் வந்தது. அன்று சாயங்காலம் கன்டெய்னர் கிளம்ப வேண்டும். காலையில் போன் வந்தது: "ஏனுங்க மெக்கானிக்கு, உங்க பொட்டி ஒறங்குது. வந்து எழுப்புங்க."

போய்ப் பொத்தானை அழுத்தினேன். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. சைலன்சரில் புகையும் இல்லை. டேங்க் நிறைய டீசல். ஃபில்டர் சுத்தம். டீசல் லைனில் அடைத்திருந்த காற்றையும் எடுத்துவிட்டேன். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பேட்டரி இறங்கியிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லி என் வேனிலிருந்து பேட்டரியைக் கழற்றிவந்து மாட்டினேன்.

"இப்ப ஜோராச் சுத்துதுங்க" என்றார் முதலாளி. "சும்மா சுத்தறதுக்குன்னா நான் கிரைண்டர் வாங்கியிருப்பனே."

வேலையில்லாமல் வாசலில் நின்ற டெய்லர்களில் ஒருவர் குரல் கொடுத்தார்: "மெக்கானிக்கண்ணா, ஒரு முழம் எலாஸ்டிக் வேணுமா?"

கால் ஓய்ந்து ஃப்ளைவீல் பக்கம் தரையில் உட்கார்ந்தேன். கண்ணுக்கு நேராக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். துணியில் ஓட்டை, கறை இருந்தால் செக்கிங்கில் ஒட்டுவார்களே, அது. கம்பெனியில் தண்ணீர்க் கேன் முதல் கக்கூஸ் கதவுவரை அது ஒட்டியிருக்கும் என்பதால், காலையிலிருந்து பத்துத் தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அம்பு காட்டிய இடத்தில் ஒரு துளை. அதில் மடித்துச் சொருகிய வெள்ளைப் பனியன் துணி. பக்கத்தில் பெட்டிக்குப் போகும் இரண்டு ஒயரும் நூலால் அழகாக முடிச்சுப் போட்டபடி. சென்சாரைக் காணோம்! எண்ணிச் சொல்ல ஆளில்லாததால், எஞ்சின் சுற்றவே இல்லை என்று நினைத்துப் பெட்டி ரேக்கைத் தொடாமல் இருந்திருக்கிறது.

அந்த முடிச்சு யாருடையது என்று கேட்கவே வேண்டியதில்லை.

"நாந்தேன் கழட்டுனேன்" என்றார் ஊசி அம்மா, சாதாரணமாக. "நேத்து ஓவர்லாக் மெஷின்ல ஊசி ஒடஞ்சு போச்சு. ஊசி தேடுற நம்ம காந்தத்த நெருப்பெரிச்சல் ஊர்ல இருக்க யூனிட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க. அதேன் இத வச்சுத் தேடுனேன். எடம் மறந்துறக் கூடாதுன்னு ஸ்டிக்கர்கூட ஒட்டிருக்கேன்ல?"

"குடுங்கம்மிணி."

"நுனி இன்னும் கிடைக்கலண்ணே. கிடைக்காமத் தர முடியாது."

"அது இல்லாம எஞ்சின் ஓடாதுங்க!"

"நுனி இல்லாம சரக்கே போகாது. பெறகு எஞ்சின் எதுக்கு?"

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆக, வெளிச்சம் வந்தா ஊசி கெடைக்கும், ஊசி கெடைச்சாக் காந்தம் வரும், காந்தம் வந்தா வெளிச்சம் வரும். ரெண்டு பேரும் கம்பெனியை நல்லா நடத்தறீங்க. நான் ஊட்டுக்குப் போயித் தூங்கட்டுங்களா?"

"பாத்துட்டுத் திருப்பித் தரணும்" என்று சொல்லி அந்த அம்மா ஒரு துணிப் பொட்டலத்தைப் பிரித்தார். காந்த முனையில் பஞ்சும் இரும்புத் தூளும் சேர்ந்து ஒரு தாடியே வளர்ந்திருந்தது. எந்தப் பாகம் கைக்கு வந்தாலும் கட்டைவிரலால் ஒரு துடைப்புத் துடைப்பது என் பழக்கம். துடைத்தேன்.

"ஆத்தா!"

"அசையாதீங்கண்ணே!" அந்த அம்மா என் கையைப் பிடித்துச் செல்போன் வெளிச்சத்தில் திருப்பினார். விரலில் குத்தி நின்றது ஊசி நுனி. இடுக்கியால் பிடுங்கினார். வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்றைய மேல்துண்டோடு வெள்ளைத் தாளில் சேர்த்துவைத்து, புது ஊசி ஒன்றைப் பக்கத்தில் வைத்து அளந்தார். "முழுசா இருக்கு!" வாசலில் கைதட்டல். அப்புறம்தான் என் ஞாபகம் வந்து, நோட்டுக்குப் போடும் அதே டேப்பை விரலில் சுற்றிவிட்டார். "துணிப் பக்கம் போயிராதீங்க. ரத்தம் பட்டா பீசு ரிஜெக்ட்டு."

சென்சாரை ஃப்ளைவீல் பல்லில் தொடும்வரை முடுக்கி, அரைச் சுற்றுப் பின்னால் திருப்பி நிறுத்தி, முடிச்சை அவிழ்த்து ஒயர்களை மாட்டினேன். பொத்தானை அழுத்தியதும் எஞ்சின் பற்றி, ஒரே சுருதியில் நின்றது. டியூப் லைட்டுகள் எரிந்தன. முதலாளி பழக்கத்தில் லீவரைத் தேடிக் கையை நீட்டி, ஒன்றும் அகப்படாமல், கடைசியில் பெட்டியைத் தட்டிக்கொடுத்தார்.

"பொட்டி இருக்கட்டுங்க. நீங்களும் வந்துட்டுப் போங்க. ஆனா அந்த போல்ட்டுக்கு ஒரு பூட்டுப் போட்டுருங்க."

அதற்குள் ஊசி அம்மா நோட்டோடு வந்தார். 'கிடைத்த இடம்' என்ற கட்டத்தில் வழக்கமாக மெஷின் தட்டு, தரை, காலர் என்று இருக்கும். அன்றைய வரியில் 'மெக்கானிக் கட்டைவிரல்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தார். சாட்சிக் கையெழுத்து நான் போட வேண்டுமாம். டேப் சுற்றிய விரலில் பேனா நிற்கவில்லை.

"அப்பக் கைநாட்டே வைங்கண்ணே" என்றார். "மத்தக் கை வெரல்லதேன் கிரீஸ் இருக்கே."