திராட்சைத் தோட்டத்தில் நட்ட கம்பிகள்

அணுமின் நிலையம் ஒன்றைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரைச் சோதிப்பது என் வேலை. அணுவை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. வேலிக்கு வெளியே, வேகாத வெயிலில், மண்ணில் வரிசையாக இரும்புக் கம்பிகளை அடித்துக்கொண்டிருப்பேன். அவற்றின் வழியே மின்சாரம் விட்டு, எந்த ஆழத்தில் அது எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்று அளப்போம். நல்ல தண்ணீரில் மின்சாரம் அரைமனதாகத்தான் போகும். உப்போ ரசாயனமோ கரைந்திருந்தால் வேகமாகப் போகும். பூமியைத் தோண்டாமலே, கழிவு எங்காவது கசிந்து நகர்கிறதா என்று இதில் ஊகிக்கலாம். கதிர்வீச்செல்லாம் இந்தக் கருவிக்குத் தெரியாது. சந்தேகமான இடத்துத் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் உறுதியாகும். இதைப் பல கல்யாண வீடுகளில் விளக்கியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள்.

எங்கள் வீடு சின்னமனூர்ப் பக்கம். அப்பா வாழை போடுகிறவர். சில வருஷங்களுக்கு முன் கம்பத்திலிருந்து ஒரு வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். திராட்சைத் தோட்டம் உள்ள குடும்பம். எல்லாம் பிடித்துப்போய், பூ வைக்க நாள்கூடப் பார்த்தாயிற்று. பிறகு மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். அணு வேலை பார்க்கிற பிள்ளைக்கு வயிற்றில் கரு தங்குமா என்று சொந்தத்தில் கேட்கிறார்களாம். அப்பா அன்றைக்குப் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. என் மகளைப் பற்றி இன்னொரு வார்த்தை பேசினால் நடப்பதே வேறு என்றார். கல்யாணம் நின்ற வருத்தத்தைவிட அந்தச் சத்தம் தந்த சந்தோஷம்தான் எனக்கு அதிகம்.

போன கோடையில் அதே வீட்டிலிருந்து ஆள் வந்தது. தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் சொன்ன இரண்டு இடத்திலும் போர் போட்டார்களாம், வெறும் புகைதான் வந்ததாம். நான் லீவில் வந்திருப்பது தெரிந்து, மெஷின் வைத்துப் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். என் வயிறு ஆகாது, என் மெஷின் மட்டும் ஆகும். முடியாது என்றேன். தண்ணிக்குத் தவிக்கிறவர்களிடம் என்ன வீம்பு என்றார் அப்பா. கடைசியில் போனேன். அந்த வீட்டு வாசலில் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது, மறைப்பானேன்.

தேனியில் தெரிந்தவரிடம் கருவியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனேன். திராட்சைப் பந்தலுக்கடியில் குனிந்து குனிந்து கம்பி அடித்ததில் இடுப்பு ஒடிந்தது. அந்த மாப்பிள்ளைக்கு இப்போது கல்யாணமாகி, மனைவி மாசமாக இருந்தாள். அவள்தான் காபி கொண்டுவந்தாள். கம்பி பிடிக்க வந்த ஆட்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளர். எனக்கு மட்டும் பேப்பர் கப். நான் குடித்து முடித்ததும் மாமியார் அதைக் குச்சியால் தள்ளிக் குப்பையில் போட்டார்.

போருக்கு ஒரு நல்ல இடம் கிடைத்தது. அடியில் பாறை உடைந்து, இடுக்குகளில் தண்ணீர் தங்குகிற இடம். ஆனால் தோட்டத்து வீட்டுக் கிணற்றைச் சுற்றி மேல்மட்டத்தில் மின்சாரம் தாறுமாறான வேகத்தில் ஓடியது. எங்கள் நிலையம் இருக்கிற கடற்கரை மண்ணில் அதைப் பார்த்தால் நாங்கள் உடனே தண்ணீர் பிடித்து அனுப்பப் பாட்டிலை எடுப்போம். இங்கே அணுவும் இல்லை ஒன்றும் இல்லை, வருஷக்கணக்கில் கொடிக்குக் கொட்டிய உரம்தான் காரணமாக இருக்க வேண்டும். வீட்டில் குடிப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீரை. ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டேன். ரிசல்ட் வரும்வரை இதைக் குடிக்க வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் வானத்தைப் பார்த்தார்.

ஆய்வகத்தில் நைட்ரேட் எக்கச்சக்கம் என்று வந்தது. கைக்குழந்தைக்குப் பால்பொடி கரைக்க அந்தத் தண்ணீர் ஆகவே ஆகாது. விவரமாக எழுதி அனுப்பினேன். அதற்குள் நான் சொன்ன இடத்தில் போர் போட்டு, தண்ணீர் பீய்ச்சியடித்து, பொங்கலும் வைத்திருந்தார்கள்.

நான் எழுதி அனுப்பிய மறுநாள் மாலை மாமியாரிடமிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அண்ணன் மகள் என் மடியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

"எங்க கிணத்துத் தண்ணியத்தான் தலமுற தலமுறயாக் குடிக்கிறோம். உங்க மக வந்து அங்கன கம்பியக் குத்துன பொறகுதான் கெட்டுப்போச்சுன்னு எல்லாரும் சொல்றாக. புள்ளத்தாச்சி இருக்குற வீட்டுக்குள்ள அவள விட்டது எங்க தப்பு."

பழைய சத்தத்துக்காக நான் காத்திருந்தேன். அப்பா சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் ஆத்தா, நெசமாவே ஒம்மேல ஒண்ணும் ஒட்டியிருக்காதுல்ல?"

ஒட்டாதுப்பா என்றேன். அவர் தலையாட்டினார். அப்புறம் பேத்தியைப் பார்த்து, தாத்தாகிட்ட வா, கடைக்குப் போகலாம் என்று கையை நீட்டினார். அவள் முறுக்கோடு என் மடியிலிருந்து இறங்கிப் போனாள்.