பஞ்சு கிளவுஸும் குதிரைமுடி கிளவுஸும்

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டும்போது காற்று என்னைத் திருநெல்வேலிக்கே திருப்பித் தள்ளப் பார்த்தது. கழுத்தில் ஒரு ஜோடி பாக்ஸிங் கிளவுஸ் தொங்கியது. மதராஸ் ஸ்டுடியோவில் இரண்டு வருஷம் சண்டைக் காட்சிகளில் அடி வாங்கியவன் நான். படம் பாதியில் நின்றதும் கிளம்பிவிட்டேன். கிளவுஸைத் திருப்பிக் கேட்க அங்கே யாரும் இல்லை.

நாகர்கோவிலில் ஒரு கொட்டகையில் பாக்ஸிங் நடத்திக்கொண்டிருந்தார்கள். முதலாளி தாசையனிடம் போய், "மதராஸ் பாக்ஸர்" என்றேன். பாதிப் பொய். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பது முழு உண்மை, அதைச் சொல்லவில்லை.

அவர் என் கிளவுஸை அமுக்கிப் பார்த்தார். "என்னவே இது, தலைக்கு வச்சுப் படுக்கதா?"

சினிமா கிளவுஸுக்குள் இலவம்பஞ்சு இருக்கும். கேமராவுக்குப் பெரிதாகத் தெரிய வேண்டும். தப்பித்தவறிக் கதாநாயகன் முகத்தில் பட்டாலும் பவுடர் கலையக் கூடாது. அவர் கொடுத்தது தோல் கிளவுஸ். உள்ளே குதிரைமுடி, பலருடைய வியர்வை ஊறிக் கருப்பட்டிபோல இறுகிக் கிடந்தது.

"மூணு ரவுண்டு நின்னா நம்ம கம்பெனியில சோறும் வேலையும் உண்டு. இல்லேன்னா நடையைக் கட்டு."

எதிராளி செல்லையா, கோட்டாறு சந்தையில் மூட்டைச் சுமடு தூக்குகிறவர். மணி அடித்தது. அவர் கை ஓங்கியதும் நான் தலையைச் சுழற்றி, ஒரு பல்டி அடித்து, மல்லாந்து விழுந்தேன். ஸ்டுடியோவில் அதுதான் முறை: குத்து முகத்துக்கு ஒரு சாண் முன்னால் போகும், விழுவது நம் பொறுப்பு. இங்கே அவர் இன்னும் குத்தவே இல்லை.

"பேசி வச்சு ஏமாத்துகானுவலே" என்று ஜனங்கள் பெஞ்சுகளைத் தூக்கினார்கள்.

செல்லையா குனிந்தார். "எழும்பு மக்கா. நான் உன்னைத் தொடவே இல்ல. நாளைக்குச் சந்தையில எவன் என்னை மதிப்பான்?"

எழுந்தேன். நான் குத்தப் போனால் என் கை அவர் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் தானாகவே நின்றது. அவர் கை நிற்கவில்லை. இரண்டாம் ரவுண்டில் ஒரு கடைவாய்ப் பல் போயிற்று. மூன்றாவதில் கயிற்றில் சாய்ந்து நின்றேன். மணி அடித்த பிறகும் நின்றேன். முடிந்துவிட்டது என்று யாரோ வந்து சொல்ல வேண்டியிருந்தது. சோறு போட்டார்கள். ஒரு பக்கமாக மென்றேன்.

காலையில் தாசையன் கூப்பிட்டார். "நிக்கதுக்கு எவனும் வருவான். நீ விழுந்தியே, அதை நெனச்சுத்தான் ஊரே சிரிக்கு. தெனமும் அதே மாதிரி விழு. வேலை உனக்குத்தான்."

புதுத் தொழிலுக்குப் போகும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். ஆள் வேலை மாறினாலும் கை பழைய முதலாளியிடமே இருக்கும். அதை அழைத்துவர ஒரு பல்லாவது செலவாகும். நான் அந்தப் பல்லைச் செலவழித்தாயிற்று. மறுபடி சும்மா விழ மனம் வரவில்லை.

கோட்டாறுக்கு நடந்து செல்லையாவைத் தேடிப் பிடித்தேன்.

"சுமடு தூக்குவியா?" என்றார்.

வாய் வீங்கிப் பேச முடியவில்லை. முதுகைக் காட்டினேன். உப்பு மூட்டையை ஏற்றினார்கள்.