பெயரை நம்பாத எடிட்டர்

என் வேலையைப் பற்றி யாரிடம் சொல்ல ஆரம்பித்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் கொட்டாவி விடுவார்கள். என் மனைவி முதல் வாக்கியத்திலேயே விடுவாள். ஆகவே முடிந்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் ஒன்றை மதுரையில் சிலர் சேர்ந்து செய்து விற்றுக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு கடைக் கணினியிலும் அதற்குப் பக்கத்தில் சில கான்ஃபிக் ஃபைல்கள் இருக்கும். பில்லின் தலையில் கடையின் பெயர் எப்படி வர வேண்டும், எந்த பிரிண்டர், எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கும். அவற்றைத் திறந்து திருத்த நாங்களே ஒரு சின்ன டெக்ஸ்ட் எடிட்டரும் செய்து வைத்திருந்தோம். ஃபைலைத் திறந்ததும் அது இன்ன வகை என்று எடிட்டர் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்து, அந்த வகைக்கேற்ற நிறங்களைப் பூசி, எங்காவது ஒரு அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தால் சிவப்பில் காட்டும். வகை தப்பினால் காட்டாது. காட்டாவிட்டால் தீபாவளி நேரத்தில் ஏதாவது ஒரு ஜவுளிக்கடையில் பில் நின்றுபோகும். அப்புறம் வரும் போன்களில் எங்கள் பரம்பரையே விசாரிக்கப்படும்.

இந்த வகை கண்டுபிடிக்கும் பகுதி பார்க்கச் சகிக்காது. ஃபைலின் பெயர் இப்படி முடிந்தால் இந்த வகை, இல்லாவிட்டால் அந்த வகை, அதுவும் இல்லாவிட்டால் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கும். வேலைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு 'இல்லாவிட்டால்' வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். குற்றம் அவர்களுடையது மட்டுமல்ல. எங்கள் சர்வீஸ் ஆட்கள் கடைக்குப் போனால் ஃபைலைத் திருத்துவதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வைப்பார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த நகலுக்கு 'செட்டிங்ஸ் ஓகே', 'செட்டிங்ஸ் ஓகே புதுசு', 'செட்டிங்ஸ் அண்ணன் சொன்னது' என்றெல்லாம் பெயர் வைப்பார்கள். பிறகு எது நகல், எது அசல் என்று மறந்து நகலையே ஓட்டிவிட்டு வருவார்கள். அந்தப் பெயர்களுக்கெல்லாம் எடிட்டரில் தனித்தனி விதி இருந்தது. அந்த அண்ணன் யார் என்று எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவருக்கும் ஒரு விதி இருந்தது.

நான் அதைத் தொடாமல் பல வருஷம் ஓட்டியிருப்பேன். சென்னையில் இருக்கும் பெரிய கம்பெனி ஒன்று எங்களை வாங்கியதால் தொட வேண்டியதாயிற்று.

வாங்கியவர்கள் சார்பில் ஒரு மேடம் வீடியோவில் வந்தார். தன்மையாகப் பேசுபவர். அப்படிப் பேசுகிறவர்களிடம்தான் எனக்கு பயம். "உங்க எடிட்டர் நல்லாதான் இருக்கு. ஆனா உள்ள படிச்சா யாருக்கும் புரியலை. உங்கள்ல ஒருத்தர் லீவ் போட்டா இங்க இருக்கற ஒருத்தர் எடுத்துப் பார்க்கற மாதிரி இருக்கணும். அதை சரி பண்ணிக் காட்டுங்க. இல்லேன்னா எங்க எடிட்டரைப் போட்டுடலாம்" என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். எடிட்டர் தேறினால் மதுரை அலுவலகமும் தேறும், எடிட்டர் போனால் எங்களையும் மூட்டை கட்டிச் சென்னைக்கு வரச் சொல்வார்கள் என்ற மீதிக் கணக்கை நானே போட்டுக்கொண்டேன்.

சென்னை எனக்கு எதிரி இல்லை. ஆனால் என் மனைவிக்கு அப்போதுதான் மதுரைக்குப் பக்கத்திலுள்ள சோழவந்தானில் ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை நிரந்தரமாகியிருந்தது. எத்தனையோ வருஷம் தற்காலிகம், தற்காலிகம் என்று அலைக்கழித்துவிட்டுக் கொடுத்த வேலை. அந்தப் பள்ளியை விட்டால் இன்னொரு பள்ளியில் தர மாட்டார்கள். விளாங்குடியில் எங்கள் தெரு முனையிலிருந்து அவளுக்கு பஸ். ஆர்டர் வந்த அன்று அவள் அழுததையும், அழுதுகொண்டே கேசரி கிண்டியதையும் பார்த்தவன் நான். நான் சென்னைக்குப் போவதென்றால் ஒன்று அவள் அதை விட வேண்டும், இல்லையென்றால் சனி ஞாயிறு மட்டும் வந்துபோகும் கணவனாக நான் ஆக வேண்டும்.

அதனால் வெறியோடு உட்கார்ந்தேன். காலையில் அவள் குளித்துக் கிளம்புகிற நேரத்தில் நான் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய விதிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருப்பேன். "இம்புட்டு அக்கறையா நீங்க எதையும் செஞ்சு நான் பாத்ததில்ல" என்பாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

என் கொள்கை எளிமையானது. பெயரை நம்பாதே, உள்ளே பார். எங்கள் ஊர் ஆட்கள் வைக்கிற பெயர்களைப் பார்த்த எவனும் இந்த முடிவுக்குத்தான் வருவான். எந்த ஃபைலாக இருந்தாலும் முதல் வரியைப் படி. வளைந்த அடைப்புக்குறியோடு ஆரம்பித்தால் ஒரு வகை, சதுர அடைப்பு என்றால் இன்னொரு வகை, கூர்முனைக் குறி என்றால் மூன்றாவது. எல்லாம் ஒரே அட்டவணையில், வரிசையாக, பத்தாம் வகுப்புப் பிள்ளை படித்தாலும் புரிகிற மாதிரி எழுதினேன். பெயரை வைத்துக் கண்டுபிடிக்கும் விதிகளை ஒன்று விடாமல் தூக்கி எறிந்தேன். அண்ணன் சொன்னதையும் தூக்கி எறிந்தபோது கிடைத்த சுகத்தை என்னவென்று சொல்வது.

சோதித்துப் பார்க்க நிஜக் கடைகளின் ஃபைல்கள் வேண்டும். எங்கள் சர்வீஸ் ஆட்களில் ஒருவன் எனக்கு நல்ல சிநேகிதன். காஜிமார் தெருப் பக்கம் பிறந்து வளர்ந்தவன், நகரத்துக்குள் அவனைத் தெரியாத கடை கிடையாது. என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவான். அவனிடம் கேட்டேன்.

"அந்த ஃபைல வச்சு என்ன பண்ணுவ மாப்ள?"

"பிச்சுப் பிச்சுப் போட்டுப் பாப்பேன். வேல முடிஞ்சா அழிச்சிருவேன்."

"அழிச்சிருவியா? சரி, நாளைக்குத் தாரேன்" என்றான்.

சொன்னபடி தந்தான். எல்லாவற்றையும் எடிட்டரில் போட்டேன். ஒன்றுகூடத் தப்பாமல் வகை சொன்னது. நான் எழுந்து சமையலறைக்குப் போய் யாரும் கேட்காமலே காபி போட்டேன். மனைவி சந்தேகமாகப் பார்த்தாள்.

மேடத்திடம் காட்டும் நாள் வந்தது. நானும் சிநேகிதனும் அலுவலகத்தில் ஒரே திரையின் முன்னால் உட்கார்ந்தோம். நான் தயார் செய்து வைத்திருந்த ஃபைலைத் திறக்கப் போனபோது மேடம், "இதெல்லாம் நீங்க டெஸ்ட் பண்ணி வெச்சதுதானே? கடை கம்ப்யூட்டர்லயே நேரா கனெக்ட் பண்ணிக் காட்டுங்களேன்" என்றார். பெருமையாகச் செய்தேன். முதலில் ஒரு பாத்திரக்கடை. ஃபைல் திறந்தது. அடியில் 'வகை தெரியவில்லை' என்று வந்தது. அடுத்து ஒரு பலசரக்குக் கடை. வகை தெரியவில்லை. ஒரு துணிக்கடை, ஒரு பேக்கரி. நிறமே இல்லாமல், வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்தாக எல்லாம் வந்து நின்றன.

அப்புறம்தான் முதல் வரியைப் பார்த்தேன். பாத்திரக்கடை ஃபைலில் முதல் வரி முழுவதும் ஒரே எழுத்து, உ. பலசரக்குக் கடையிலும் அதே பிள்ளையார் சுழி. முஸ்லிம்கள் நடத்தும் துணிக்கடையிலும் பேக்கரியிலும், பிஸ்மில்லாவைக் குறிக்கும் 786.

மென்பொருளைக் கடையில் ஏற்றும்போது கடைக்காரர் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். புதிதாக எதையாவது எழுத ஆரம்பித்தால் முதலில் அதைப் போடச் சொல்வார். சர்வீஸ் ஆளும் போடுவார். எங்கள் பில் மென்பொருள் தனக்குப் புரியாத வரியைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். பழைய எடிட்டர் பெயரைப் பார்த்தே முடிவு செய்ததால் உள்ளே எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பெயரை நம்பாதே, உள்ளே பார் என்று கிளம்பியவன் நான் ஒருவன்தான்.

மைக்கை அணைத்துவிட்டு சிநேகிதனைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். "நீ எனக்குக் குடுத்த ஃபைல்ல இது இல்லியேடா?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. "அழிக்கிறேன்னியே மாப்ள. குப்பைக்குப் போற ஃபைல்ல 786-அ வச்சுக் குடுக்க எனக்கு மனசு வரல. எடுத்துட்டுக் குடுத்தேன். நம்மளுத மட்டும் எடுத்தா நல்லாருக்குமா? உங்க பிள்ளையாரையும் சேத்துத்தான் எடுத்தேன்."

கோபப்பட எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. எந்தப் பக்கமிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

மைக்கைப் போட்டு மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அதே ஃபைலை அனுப்பச் சொல்லி அவர்களுடைய எடிட்டரில் திறந்து பார்த்தார். அதுவும் முழித்தது.

"கடைக்காரங்ககிட்ட அந்த வரியை எடுக்கச் சொல்லலாமா மேடம்?" என்றான் சிநேகிதன். அவன் கேட்ட விதத்தில், நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்களேன் என்பது இருந்தது.

"ஐயோ, வேண்டாம், வேண்டாம். அதை எடுக்கச் சொல்ல நான் யாரு?" என்று மேடம் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாகச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லிடறேன். இது இன்னிக்கு சரியா வந்திருந்தா ஜூன்ல உங்க எல்லாரையும் இங்க கூட்டிக்கறதா இருந்தோம். புரியற மாதிரி எழுதிட்டா இங்க இருந்தே பார்த்துக்கலாம், அப்புறம் அங்க தனியா ஒரு ஆபீஸ் எதுக்குன்னு. ஆனா இந்த ஃபைல்ல எல்லாம் இன்னும் என்னென்ன இருக்குமோ, எங்க யாருக்கும் தெரியாது. நீங்க அங்கேயே இருந்து பார்த்துக்கங்க. இதைச் சரி பண்ணினதும் அனுப்புங்க, அப்புறம் யோசிக்கலாம்."

அவர் போன பிறகும் நான் அந்த இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் திறமை என்னைச் சென்னைக்கு அனுப்பப் பார்த்திருக்கிறது. சிநேகிதனின் பக்தி என்னை விளாங்குடியில் பிடித்து வைத்திருக்கிறது. இதில் எதற்குச் சந்தோஷப்படுவது, எதற்கு அவமானப்படுவது என்று பிரித்துப் பார்க்க எனக்கு வரவில்லை. இரண்டும் இருந்தன. சந்தோஷம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி உடனே சிரிக்கவில்லை. "அப்ப காலங்காலைல எந்திரிச்சு அம்புட்டு நாளும் நீங்க தட்டுனது, நம்ம இங்கிட்டு இருந்து போறதுக்கா?" என்றாள். பிறகுதான் சிரித்தாள். சிரித்து முடிக்க நேரமாயிற்று.

மேடம் நினைப்பதுபோல் அது ஒன்றும் பெரிய மர்மமில்லை. முதல் வரி எந்த வகைக்கும் பொருந்தாவிட்டால் அதைத் தாண்டி அடுத்த வரியைப் பார் என்று சொன்னால் போதும். அன்று மத்தியானமே எழுதிவிட்டேன். டம்ளரில் இருந்த டீகூட ஆறவில்லை. அழிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்து, சிநேகிதனிடம் இந்த முறை கடவுள்களோடு சேர்த்து ஃபைல்களை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் தேறியது. இத்தனை வருஷத்தில் நான் எழுதியதில் அவ்வளவு சுத்தமான நாலு வரி வேறு கிடையாது. பார்க்கிறவன் இதைப் புரிந்துகொள்ள மதுரையில் பிறந்திருக்க வேண்டியதில்லை. சென்னையில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மேடம் அவ்வப்போது கேட்கிறார். சோதித்துக்கொண்டிருக்கிறோம், உள்ளே போகப் போகப் புதிது புதிதாக வருகிறது என்கிறேன். பக்கத்தில் இருக்கும் சிநேகிதன் ஆமாம் என்று தலையாட்டுகிறான்.

இன்று காலையில் மனைவி டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, "அந்த வேலைய முடிச்சிட்டீங்கதான?" என்று கேட்டாள்.

"எப்பயோ முடிச்சாச்சு."

"அனுப்பியாச்சா?"

"இல்ல."

அவள் என்னையும் பார்த்தாள், மேசையில் திறந்திருந்த மடிக்கணினியையும் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டினாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாரேன்" என்று கிளம்பிப் போனாள். நான் மடிக்கணினியை மூடி வைத்தேன்.