மூடாத நாற்பது செப்புகள்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் அனைவரும் அவரோடு பழகியவர்கள். ஆகவே, அப்பா எளிதில் எவரையும் நம்பாதவர் என்று நான் தொடங்கினால், அதைக் குறையாகக் கொள்ள மாட்டீர்கள் என்று எண்ணுகிறேன்.

அப்பா பிறந்தது கொச்சி மட்டாஞ்சேரியில். மரம் கடையும் தொழிலோடு செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர் தாத்தா. அவர் இளவயதில் காலமானதால், பதினாறு வயதிலேயே பட்டறைப் பொறுப்பும், தம்பியை, அதாவது எங்கள் சித்தப்பாவை, வளர்க்கும் பொறுப்பும் அப்பாவுக்கு வந்தன. தம்பி இரண்டு வேளை உண்ண வேண்டும் என்பதற்காகத் தாம் ஒருவேளையோடு நிறுத்திக்கொண்டார் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

சுழலும் கட்டையில் உளியை வைத்து அப்பா கடைந்தெடுத்த குங்குமச் செப்புகள் பல வீடுகளில் இன்றும் இருக்கின்றன. மூடியைத் தூக்கினால் செப்பும் சேர்ந்து ஒரு கணம் எழும்பும், பிறகுதான் விடுபடும். அவ்வளவு நெருக்கமான பொருத்தம்; ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. அதற்கேற்ற மரத்தைத் தேடிக் கொச்சங்காடி மரக்கடைக்குப் போனால், ஒவ்வொரு கட்டையையும் தட்டி, முகர்ந்து, நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பார்.

“ஆசாரியே, பொண்ணு பார்க்கப் போனப்பகூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டீரு,” என்று கடைக்காரர் ஒருமுறை கேலி செய்தார்.

“பொண்ணு வீட்டுக்காரங்க உம்மள மாதிரி பொய் சொல்ல மாட்டாங்கல்லா,” என்றார் அப்பா.

அந்த ஐயம் ஒருமுறை வீட்டுக்குள்ளும் நுழைந்தது. அப்போது நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தேன். எர்ணாகுளத்தில் ஒரு கல்யாண வீட்டுக்காக நாற்பது செப்புகள் கடைந்து, மூடி பொருத்திப் பார்த்தாயிற்று. மெருகிடுவதற்காக மூடிகளைத் தனியே பிரித்தார்கள். அடைமழையில் பட்டறைக் கூரை ஒழுகவே, மெருகிட்ட மூடிகளைச் சமையலறைப் பரணில் வைக்கச் சொன்னார் அப்பா, சித்தப்பா வைத்தார். அடுப்பின் சூட்டில் மூடிகள், பட்டறையின் ஈரக் காற்றில் செப்புகள் என்று பத்து நாள் கழிந்தது. பிறகு பொருத்தினால், ஒரு மூடிகூட இறங்கவில்லை.

களமசேரியில் ஒரு தொழிற்சாலை சித்தப்பாவை வேலைக்கு அழைத்திருந்ததும் அதே மாதம்தான்.

“மூடியெல்லாம் கலைச்சுப் போட்டது நீதானலே?”

“நான் எதுக்குண்ணே கலைக்கேன்? மழைண்ணே. மேல இருந்தது சுருங்கிச்சு, கீழ இருந்தது வீங்கிச்சு.”

“எனக்கே மரத்தைப் பத்திப் பாடம் எடுக்கியா? போறவன், என் பேரையும் கெடுத்துட்டுப் போகலாம்னு பார்த்தே, அல்லே?”

அந்த வாரமே சித்தப்பா களமசேரிக்குப் போய்விட்டார். செப்புகள் கல்யாண வீட்டுக்குப் போகவில்லை. தம்பி மூடிகளைக் கலைத்த கதையை அப்பா பல விசேஷ வீடுகளில் சொன்னார்; உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். நானும் நம்பினேன். ஓணத்துக்கு வரும் சித்தப்பா பட்டறை வாசலில் நின்றால், அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

“அங்க என்ன பார்க்கறீங்க சித்தப்பா?” என்று ஒருமுறை கேட்டும் விட்டேன்.

“கண்ணு மட்டும்தான் மோளே பார்க்குது. கை சும்மாத்தான் இருக்கு,” என்றார் அவர்.

அடுத்த ஆண்டிலிருந்து அப்பா ஒரு புது வழக்கத்தை மேற்கொண்டார். மெருகிட்டபின் ஒவ்வொரு மூடியையும் அதன் செப்போடு சேர்த்து ஒரே துணியில் முடிந்து, ஒரே பலகையில் வைப்பார். மறுபடியும் யாராவது கலைத்துவிடுவார்களோ என்று அஞ்சிச் செய்கிறார் என்றே பல காலம் எண்ணியிருந்தேன்.

மரத்தூள் நெஞ்சை அடைத்து அப்பா படுக்கையில் விழுந்த பிறகு, பட்டறையை ஒழுங்குபடுத்தும்போது ஒரு சாக்கைக் கண்டேன். அந்த நாற்பது செப்புகளும் அதில் இருந்தன. மூன்று வெடித்திருந்தன. மற்ற முப்பத்தேழும் மூடியிருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி நூல், நூலில் அப்பா வழக்கமாகப் போடும் இரட்டை முடிச்சு. ஒன்றை அவரிடம் கொண்டு போனேன்.

“இது எப்பப்பா மூடிச்சு?”

அப்பா அதைக் கையில் வாங்கவில்லை. “அந்த வருஷமே. மகர மாசத்துல, மழையெல்லாம் விட்டு எல்லாம் ஒண்ணுபோலக் காஞ்சப்போ.”

“சித்தப்பாவை வரச் சொல்லட்டுமா? நீங்களே சொல்லிடுங்களேன்.”

“வேண்டா. சாகப் போற பயத்துல சொல்லுதேன்னு நினைப்பான். நம்ப மாட்டான்.”

நான் அழைக்காமலே சித்தப்பா வந்தார். கடைசிப் பன்னிரண்டு நாட்களும் அவர்தான் அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தார். மருத்துவர் தந்த மாத்திரையைக்கூட ஒளியில் பிடித்துப் பார்த்த அப்பா, தம்பி நீட்டிய கரண்டியைப் பார்த்து, “கஞ்சியில என்னடா போட்டே?” என்றார்.

“விஷம்தான். குடிங்க,” என்றார் சித்தப்பா.

அப்பா மறுபேச்சில்லாமல் குடித்தார். ஆனால், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

நோயுற்ற நாட்களில் நாள்தோறும் நலம் விசாரித்த அண்டை வீட்டு உம்மாவுக்கும், வாடகை வாங்காமல் மருத்துவமனைக்கு ஆட்டோ ஓட்டிய அவர் மகனுக்கும், மரக்கடை நண்பருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னொருவருக்கு நன்றி மட்டும் போதாது. இக்கட்டுரையை எழுதுமுன் அந்தச் சாக்கோடு களமசேரிக்குப் போய், நடந்ததையும் இம்மலரில் எழுதப்போவதையும் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரு செப்பை எடுத்து, நூலின் முடிச்சைப் பார்த்தார்.

“இது அண்ணன் சொன்னதுதானா? இல்ல, செத்தவரை நல்லவராக்க நீயா கட்டுதியா?”

“எங்கிட்ட சொன்னார் சித்தப்பா. உங்ககிட்ட சொல்லத்தான் அவருக்கு வாய் வரலை.”

“அப்போ மன்னிப்புக் கேட்டார்னு எழுதிராதே. கேக்கலை. நீ கண்டதையும் கேட்டதையும் எழுது. அவர் எந்தெந்தச் சபையில என்னைச் சொன்னாரோ, அந்தச் சனமெல்லாம் படிக்கட்டும்.”

அவர் சொன்னபடியே எழுதுகிறேன். சித்தப்பா மூடிகளைக் கலைக்கவில்லை. அப்பா அதை அறிந்திருந்தார். அறிந்தும் மன்னிப்புக் கேட்கவில்லை. பட்டறை வாசலில் சித்தப்பாவின் கைகளைக் கண்காணித்து நின்ற நான், உங்கள் எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மகள்,
கோமதி