ஆஜர் சொல்லாத ராசையா

ராயபுரம் கரிக்கிடங்கில் ராசையாவைப் போல ஒரு கூலியாள் முன்னும் இருந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. யார் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளட்டும். இரண்டு பேர் தூக்கிவிட வேண்டிய கூடையைத் தானே தலைக்கு ஏற்றிக்கொள்வார். தகப்பன் ராயபுரத்தார், ரங்கூன் அரிசி ஆலையில் வேலை பார்த்தவர், தாய் பர்மாக்காரி. ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் மூவருமாகக் காட்டுவழியே நடந்தார்கள். தாயை வழியிலேயே புதைத்தார்கள். அவள் முகம்தான் மகனுக்கு: சின்னக் கண், தட்டை மூக்கு.

அந்த முகத்தைப் பார்த்துக் கிடங்கில் வைத்த பேர் சப்பமூக்கு. வேலையிடத்தில் அதைப் பொறுத்துக்கொண்டார். ஐம்பத்தொன்றில் தொழிலாளர் சங்கம் வந்தது. கூட்டத்தில் செயலாளர் தண்டபாணி நோட்டைப் பார்த்துப் பேர் வாசித்தபோதுதான், அதிலும் அதையே எழுதியிருப்பது தெரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ராசையா வாயைத் திறக்கவில்லை. ஆஜர் சொல்லாதவன் வராதவன் என்பது சங்கத்துச் சட்டம். மூன்று கூட்டம் வராதவனுக்குச் சங்கத்தில் இடமில்லை. சங்கத்தில் இல்லாதவனுக்குக் கிடங்கில் வேலையில்லை.

இரண்டு கூட்டம் அப்படியே போயிற்று.

"ஆஜர்னு சொல்லித் தொலையேன், வேலை பூட்டா இன்னா பண்றது?" என்றாள் மனைவி மங்கை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மூன்றாவது கூட்டத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். கூடையின் அளவைக் குறைக்கக் கேட்டுக் கம்பெனிக்கு மனு போட வேண்டிய கூட்டம். முப்பது பேர் இருந்தால்தான் தீர்மானம் செல்லும்.

"சப்பமூக்கு!"

தண்டபாணி நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இன்னாடா, எதிர்க்கவே குந்திகினு கீறே. வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"எம்பேரச் சொல்லிக் கூப்டு நைனா, சொல்றேன்."

கூட வேலை செய்யும் அப்பாவு பின்னாலிருந்து, "மூஞ்சிக்கேத்த பேருதான மாமு, கோச்சிக்காதே" என்றான். மறுபடி சிரிப்பு.

"இது எங்கம்மா மூஞ்சி. கெடங்குல கூப்ட்டீங்க, வுட்டேன். சங்கத்துல வுட மாட்டேன்."

தண்டபாணி 'வரவில்லை' என்று எழுதினார். வந்தவர்களை எண்ணினார். இருபத்தொன்பது. மறுபடி எண்ணினார். அதேதான்.

"அப்போ மனு?" என்றான் அப்பாவு.

"போவாது. அடுத்த மாசம்தான்."

"இன்னும் ஒரு மாசம் அந்தக் கூடையா? கழுத்து ஒடிஞ்சிடும்! இவன் இங்கதான கீறான், சேத்து எண்ணு."

"நான் வர்லியே" என்றார் ராசையா. "நோட்டு சொல்லுது, பாரு."

அந்த மனு அவருக்கும் வேண்டியதுதான். ஆனாலும் அசையவில்லை. கடைசியில் அப்பாவுவே எழுந்து மேஜையருகே போனான்.

"அடிச்சிட்டு ராசையான்னு எழுது நைனா. மொதல்ல அந்தப் பேர வச்சவன் நான்தான்."

தண்டபாணி எழுதினார். உரக்க வாசித்தார். ராசையா அதற்கும் ஆஜர் சொல்லவில்லை.

"போன ரெண்டு கூட்டத்தையும் திருத்து. அப்பவும் நான் இங்கதான் குந்திகினு இருந்தேன்."

முணுமுணுத்துக்கொண்டே திருத்தினார்.

"ஆஜர்!" அந்தக் குரல் தெருமுனை வரை கேட்டது.

மனு அன்றே எழுதியாயிற்று. முப்பது பேரில் பாதிக்கு மேல் கைநாட்டு. ராசையா வைத்தது கையெழுத்து.